அவான்ஷ், குழாய் வழி

ஒரு மீட்டர் இருபது தோண்டியதும்
இயந்திரத்தின் பல்லில் கல் உரசிய சத்தம்.
துவார்த்தே விசையை நிறுத்தினான்.
மேற்பார்வையாளர் பிளான்ஷூ தொப்பியைக் கழற்றினார்,
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார்,
பிறகு சட்டம் சொன்ன எண்ணை அழுத்தினார்.
இந்த ஊரில் இது மழை மாதிரி.

செவரின் வந்தாள்,
முழங்காலில் பட்டை, கையில் சிறு தூரிகை,
சந்தோஷத்தை மறைக்கத் தெரியாத முகம்.
"மூன்று வாரம்" என்றாள்.
பிளான்ஷூ வானத்தைப் பார்த்தார்.
நாங்கள் எங்கள் மணிக்கூலியைப் பார்த்தோம்.

பள்ளத்துக்கு அப்பால் சோளம்,
சோளத்துக்கு அப்பால் மதில்.
ஐந்தரைக் கிலோமீட்டர் சுற்று.
உள்ளே இருபதாயிரம் பேர் இருந்தார்களாம்.
இப்போது அதில் மிஞ்சியது காவல் காப்பது
கதிர்களையும் ஏழெட்டு மாடுகளையும்.
கோயில் நின்ற இடத்தில் ஒற்றைத் தூண்.
மற்றதெல்லாம் கல் கல்லாய்ப் பெயர்ந்து
வீடாகி, தொழுவமாகி நிற்கிறது.
உச்சியில் நாரைக்கூடு இருந்ததால்தான்
இதை மட்டும் விட்டார்கள் என்கிறான் துவார்த்தே.
இல்லை என்கிறாள் செவரின்.
நான் துவார்த்தே பக்கம்.

மதியம், கவிழ்த்த வாளிமேல் அமர்ந்து அவள் சொன்னாள்:
இது தலைநகர் ஆவதற்கு முன்பே
ஹெல்வெத்தியச் சனம் ஒருமுறை புறப்பட்டது,
மேற்கே, கடல் பக்கம், நிலம் தேடி.
பன்னிரண்டு நகரம், நானூறு ஊர்,
தாங்களே தீ வைத்தார்கள்.
சுமக்க முடியாத தானியத்துக்கும் வைத்தார்கள்,
திரும்பும் நினைப்பு
ஒருவருக்கும் வந்துவிடக் கூடாதென்று.

நான் ரொட்டி மெல்வதை நிறுத்தவில்லை.

வழி மறித்தது ரோமப் படை. தோற்றார்கள்.
பாசறையில் பலகைகள் அகப்பட்டன,
கிரேக்க எழுத்தில் பெயர்கள்.
ஆயுதம் எடுப்போர் ஒரு பக்கம்,
பிள்ளைகள், கிழவர், பெண்கள் வேறு வேறாக.
கூடப் போன இனங்களும் சேர்த்து
புறப்பட்டது மூன்று லட்சத்து அறுபத்தெட்டாயிரம்.
வீடு சேர்ந்தது ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.
"வென்றவன் எழுதிய கணக்கு,
அப்படியே நம்பாதே."

"பலகைகள் இப்போது யாரிடம்?"
"யாரிடமும் இல்லை."
தலையாட்டினேன்.
சரணடைந்த இடத்தில் எழுதி வாங்கிய பட்டியல்
பிறகு யாரிடமும் இருப்பதில்லை;
இதற்குத் தோண்டிப் பார்க்கத் தேவையில்லை.

வென்றவன் கட்டளை விசித்திரமானது:
போங்கள், எரித்ததை நீங்களே கட்டுங்கள்.
வெறும் நிலம் கிடந்தால்
ஆற்றுக்கு அப்பாலிருந்து வேறு யாராவது வருவார்கள்.
கட்டினார்கள்.
இரண்டு தலைமுறை கழித்து இங்கே
கோடு போட்ட மாதிரித் தெரு விழுந்தது,
நாடகம் வந்தது, வரி வந்தது.

பத்தாம் நாள் ஒரு கூரை ஓடு.
ஈரமாய்க் காயப் போட்டிருந்தபோது
நாய் ஒன்று குறுக்கே ஓடியிருக்கிறது.
நான்கு விரல், ஒரு உள்ளங்கால்.
யாரோ அதட்டியிருப்பார்கள்,
நமக்குத் தெரியாத மொழியில்,
நாய்க்குத் தெரிந்த மொழியில்.

காப்பி இயந்திரத்தில் போட எடுத்த காசில்
ஹெல்வெத்தியா நிற்கிறாள், ஈட்டியோடும் கேடயத்தோடும்.
தோற்றுத் திரும்பிய சனத்தின் பெயர்.
என் கார் எண்பலகையிலும் அதன் முதலெழுத்து.
காசைக் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தேன்.
பின்னால் வரிசை நின்றது. போட்டுவிட்டேன்.

மூன்று வாரம் ஐந்து ஆனது.
அளந்தார்கள், படம் எடுத்தார்கள்,
துணி விரித்து மண்ணால் மூடினார்கள்.
சுவரை உடைக்க அனுமதியில்லை.
நாற்பத்தைந்து பாகை முழங்கை இரண்டு பொருத்தி
குழாயை அதைச் சுற்றி வளைத்தேன்.
வரைபடத்தில் பிளான்ஷூ அந்த வளைவைக் குறிக்கவில்லை.
மறந்துவிட்டார், அல்லது கோபம்.

இன்னொரு நாள் இன்னொரு இயந்திரம் வரும்.
நேராகப் போன குழாய் இங்கே ஏன் திரும்பியது
என்று தலையைச் சொறிவான் எவனோ.
அப்போதும்
நாரைக்கூடுதான் காரணம் என்று யாராவது சொல்லட்டும்.