அக்கரையில் நீலத் தார்ப்பாய்

ஏப்ரல் பன்னிரண்டு, மதியம்
ஆற்றின் மேலுள்ள பனிச்சாலையை மூடினார்கள்.
எங்கள் சலவை இயந்திரம் அக்கரைக்கு வந்து சேர்ந்தது
அன்று மாலை.

காவல்காரன் ஸ்பிரிதோன் தடுப்புக் கம்பத்தின் மேலேயே
ஏறி உட்கார்ந்துகொண்டானாம்.
"உன் அவசரம் ஆம்கா ஆற்றுக்குத் தெரியாது, கவ்ரீல்.
ஆளைத் தாங்கும். லாரியைத் தாங்காது."

இரண்டு குதிரைக்குட்டி விற்ற காசு.
அவன் குடிசையோரம் மரக்கட்டைமேல் இறக்கிவைத்து
நீலத் தார்ப்பாய் போர்த்திக் கட்டி
முழங்கால்வரை நனைந்து நடந்தே வந்தார் என் கணவர்.
கோட்டுக்குள்ளிருந்து எடுத்தார்
நனையாத ஒரே பொருளை:
செய்முறைக் கையேடு.

பிறகு எங்கள் வீட்டில் வேறு வாசிப்பு இல்லை.
நரியா பள்ளிக்கூடக் குரலில் படிப்பாள்:
"பருத்தி, அறுபது டிகிரி.
கம்பளி, முப்பது.
மென்துணிக்கு மெதுவான சுழற்சி."
அந்த வாரம் பசு ஈன்றது. வெள்ளைக் கன்று.
எர்ஹான் அதற்குப் பருத்தி என்று பெயர் வைத்தான்.
ஐந்து வயது. பருத்தியைச் செடியில் பார்த்ததில்லை.
நானும்தான்.

காகம் வந்தது. பிள்ளைகள் பாதிப் பாடத்தில்
வெளியே ஓடினார்கள்.
ஆறு மாதம் காகமே இல்லாத ஊர் இது,
கரைந்தால் விருந்தாளி இல்லை, வசந்தம்.
கூரை சொட்டியது. முற்றம்
ஒரு கால் ரப்பர் செருப்பை விழுங்கி
இன்னும் திருப்பித் தரவில்லை.
நான் பழையபடி தொட்டியில் கும்மினேன்.
நவம்பரில் ஏரியில் அறுத்து நிலவறையில் அடுக்கிய பனிப்பாளம்,
தேநீருக்கென்று வைத்தது,
கடப்பாரையால் உடைத்து, அடுப்பில் உருக்கி,
துணிக்கும் அதில்தான் கடன்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னும் வெளிச்சம்.
முறை வைத்துத் தொலைநோக்கி.
இக்கரையும் வெள்ளை, அக்கரையும் வெள்ளை;
பிறகு இரண்டும் சாம்பல்.
பச்சைக்கு ஜூன் ஆகும்.
உலகத்தில் ஒரே நிறம் அந்த நீலம்.

ஒன்று சொல்ல வேண்டும்.
ஏழாம் பக்கத்தில் ஒரு குழாய் வரைந்திருக்கிறது.
எங்கள் ஊரில் குழாய் கிடையாது.
நரியா ஆறிலிருந்து எட்டுக்குத் தாவுவாள்,
அப்பா சொல்லிக்கொடுத்திருப்பார்.
அவர் பரணில் பீப்பாய் ஏற்றுகிறார், ரப்பர் குழல் மாட்டுகிறார்,
"வாத்துவேட்டைக்கு" என்கிறார்.
நான் முதல் இரவே ஏழைப் பார்த்துவிட்டேன்.
வாத்துக்கு எதற்குப் பீப்பாய் என்று
இதுவரை கேட்கவில்லை.

மே பதினாறு, விடிய இரண்டு மணி.
முதலில் நாய்கள் எழுந்தன. அப்புறம்தான் ஓசை,
வீடளவு அலமாரிகளை யாரோ
அடுத்த அறையில் நகர்த்துவதுபோல.
ஊரே மேட்டில் நின்றது, சட்டைமேல் கோட்டு.
பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, புரண்டு, போயின.
அக்கரை தாழ்வு. தண்ணீர் குடிசைச் சன்னலைத் தொட்டது.
கவ்ரீல் தொலைநோக்கியை இறக்கவேயில்லை,
பேசவுமில்லை.
நான் வாங்கிப் பார்த்தேன்:
ஒரு பாளத்தின் மேல் படுத்துக்கொண்டு
நீலத் தார்ப்பாய் வடக்கே போய்க்கொண்டிருந்தது.

மூன்று நாள் மின்சாரமில்லை, கைபேசி ஊமை.
நான்காம் நாள் ஸ்பிரிதோன்:
"கூரைமேல் இருக்கிறது."
"எது?"
"இயந்திரம். நானும்தான். ரொட்டி தீர்ந்துவிட்டது."
கவ்ரீல் சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை,
கொட்டிலுக்குப் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார்.

முதல் படகில் வந்தது.
பக்கத்தில் ஒரு நெளிசல், அடியில் சேறு.
வட்டக் கதவைத் திறந்தேன்.
உள்ளே நான்கு சட்டை, ஒரு போர்வை,
குளிர்காலம் முழுக்கப் போட்ட கம்பளிக் காலுறைகள்,
சிகரெட் அட்டையில் பென்சில் எழுத்து:
காவல் கூலி.

கவ்ரீல் என்னைப் பார்க்காமல் பரணில் ஏறினார்.
மேலே தண்ணீர் ஊற்றும் சத்தம்.
நரியா மூக்கைப் பொத்திக்கொண்டு
கையேட்டைப் புரட்டினாள்:
"கம்பளி, முப்பது."