நீளவாக்கில்

மேசையில் விரித்தேன்; கொள்ளவில்லை.
வடக்கு அடுப்பு வரை ஏறியது,
தெற்கு என் மடியில் சரிந்தது.
கடைசியில் நடைவழித் தரையில்
குளியலறையிலிருந்து தெருக்கதவு வரை
சிலியை நீட்டிப் படுக்க வைத்தோம்.
சுருளாமலிருக்க அரிகாவின் மேல் ஒரு ஸ்பேனர்,
தென்கோடித் தீவுகளின் மேல்
டெல்ஃபினாவின் கணக்குப் புத்தகம்.

பிப்ரவரியில் பன்னிரண்டு நாள் விடுப்பு.
ஒன்பது வருடமாய்ச் சேர்ந்தாற்போல் கிடைக்காதது.

தால்காவுக்கு வடக்கே சுங்கச்சாவடியில் இருக்கிறேன்,
நான்காம் எண் கூண்டு.
எங்கோ போகிற வழியில் எல்லாரும்
என்னிடம் மூன்று விநாடி நிற்கிறார்கள்.
தெற்கே போகிறவர்கள் கூரையில் படகு கட்டியிருப்பார்கள்,
வடக்கே போகிறவர்கள் தண்ணீர்க் கேன்.
ஒருமுறை ஒரு தொட்டில் போனது.
நான்கு மாதம் கழித்து அதே தொட்டில்
அதே கயிற்றோடு திரும்பி வந்தது.
நான் எதுவும் கேட்கவில்லை.
மீதிச் சில்லறை கொடுத்தேன்.

நொல்பெர்த்தோ குழாய் வேலை செய்பவன்.
நாளெல்லாம் அடுத்தவர் வீட்டுக் கசிவை அடைத்துவிட்டு
நனைந்த காலுறையோடு வருபவன்.
பாலைவனத்தின் மேல் முழங்காலிட்டுச் சொன்னான்:
"இங்கே. எதுவும் சொட்டாத இடம்.
ஒரு ராத்திரி சத்தமில்லாமல் தூங்கணும்."

எனக்குப் பனிப்பாறை வேண்டும்.
டீசல் புகை மூக்கில் படிந்தவளுக்கு
வீடளவு நீலப் பனி உடைந்து
தண்ணீரில் விழுகிற சத்தம் வேண்டும்.
வாசல்பக்கம் உட்கார்ந்து
அந்தத் துண்டுதுண்டான கரையைத் தடவினேன்.
எங்களுக்கு நடுவே ஏழு தப்படி.
கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

டெல்ஃபினா தையல் நூலால் அளந்தாள்.
புவெர்த்தோ மோன்ட் தாண்டியதும் நூல் தடுமாறியது.
சாலை கடலில் இறங்கி, படகேறி,
மறுபடி சாலையாகி,
ஓரிடத்தில் முடிந்தே போகிறது.
தரைவழியே கோடிக்குப் போக
அடுத்த நாட்டுக்குள் நுழைந்து வெளியேற வேண்டும்,
சொந்த வீட்டுப் பின்னறைக்குப்
பக்கத்து வீட்டுக் கூடம் வழியாகப் போவதுபோல.
"பாதி நாள் பேருந்து ஜன்னல்தான், அம்மா."

கம்பளியா, பருத்தியா?
இரண்டும் கொள்ளாத பெட்டி
மூன்று இரவு வாய் திறந்து கிடந்தது.
பணத்தைக் கூட்டினோம்.
தப்பாகக் கூட்டினோமோ என்று மறுபடி கூட்டினோம்.
சரியாகத்தான் கூட்டியிருந்தோம்.

வியாழக்கிழமை, அசாப்பா ஒலிவ் ஏற்றிய லாரி.
டயரெல்லாம் வெளுத்த புழுதி.
"அங்கே எப்படி இருக்கு?" என்றேன்.
கேட்கக் கூடாது, விதி.
ஓட்டுநர் யோசித்தார். பின்னால் ஹாரன்.
"சாலை நேராக இருக்கும், அம்மணி.
தூங்கிவிடாமல் இருப்பதுதான் பாடு."

அன்று இரவு மோத்தே, எங்கள் நாய்,
வறுத்த வெங்காய வாசத்துக்கு எழுந்து
வரைபடத்தின் குறுக்கே நடந்தது.
மலைத்தொடரில் முன்கால்,
அடுத்த எட்டில் பசிபிக்.
அவ்வளவுதான் அகலம்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
நொல்பெர்த்தோ அதன் ஈரத் தடத்தையே
பார்த்துக்கொண்டிருந்தான்.

கிழக்கே பெவென்ச்சே கணவாய்.
பிப்ரவரியிலும் நிழல் பள்ளங்களில்
அழுக்குப் பனி கொஞ்சம் கிடக்குமாம்.
மேற்கே கொன்ஸ்தித்துசியோன், கறுத்த மணல்.
பள்ளி நாளில் ஒருமுறை போனது;
வழியில் வாந்தியெடுத்தது மட்டும் நினைவு.
காலையில் அது, மாலையில் இது,
நடுவில் எங்கள் வீடு, மதியச் சாப்பாட்டுக்கு.
வழியில் என் சாவடி இல்லை.

இது பனிப்பாறை இல்லை. தெரியும்.
அவனுக்கும் இது பாலை இல்லை.
மிச்ச நாட்களில்
எங்கள் சமையலறைக் குழாயைச் சரிசெய்வதாகச் சொன்னான்.
இரண்டு வருடமாய்ச் சொட்டுகிறது அது.

வரைபடத்தை மடித்தேன்.
பழைய மடிப்பில் படியவில்லை.
பாலைவனமும் பனிப்பாறையும்
முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டன.
அப்படியே அலமாரியில் செருகினேன்.
ஸ்பேனரை எடுக்க மறந்துவிட்டோம்.
இருட்டில் நடைவழியில் கிடக்கிறது,
அரிகா இருந்த இடத்தில்.