வேர் எனக்கு

பீடோர் கையுறை ஆலையில் எனக்கு இரவு வேலை.
காலை ஏழரைக்கு பஸ் இறக்கிவிடும்.
ஒன்பதுக்குப் படுத்தால் நான்குக்கு எழுவேன்.
அதனால் என் கத்தரிச் செடிகளின் நண்பகலை
நான் பார்த்ததே இல்லை.

உச்சிவெயிலில் துவண்டு கிடந்துவிட்டு
நான் வரும் நேரத்துக்கு
நிமிர்ந்து நின்றிருக்கின்றன,
ஒன்றும் நடக்காதது போல.

சொன்னவர் பக்கத்து நிலத்து லிம் கியான் ஹுவாட்.
விரித்த கையை மணிக்கட்டில் தொங்கவிட்டுக் காட்டினார்:
"பன்னிரண்டு மணிக்கு எல்லாம் லாயு, அக்கா."

ஒன்றைப் பிடுங்கினேன்.
வேரா அது?
இஞ்சிக்கு வாக்கப்பட்டது மாதிரி
கணுக்கணுவாய் வீங்கி.

ஈயம் அள்ளிய பின் விட்டுப்போன மணல் இது.
தண்ணீர் நிற்காது, கடன் நிற்கும்.
இளகிய மண் என்றால்
நூற்புழுவுக்கு நடமாட வசதியாம்.

விவசாய இலாகாவில் ஹஸ்னிதா
கண்ணாடிச் சில்லில் என் நிலத்தை
ஒரு சொட்டாக வைத்துக்
குனிந்து பார்க்கச் சொன்னாள்.
தையல் மிஷினில் அறுந்து விழுந்த நூல்கள்,
உயிரோடு.
ஒரு குவளை மண்ணில் நானூற்றுப் பன்னிரண்டு.
எங்கள் அடுக்குமாடியில்கூட
அத்தனை பேர் இல்லை.

குருணை மருந்து இப்போது கடையில் கிடையாது.
கிடைத்த காலத்தில்
தூவிய மறுநாள் வரப்பில் கிடந்த மைனாக்களைக்
கூட்டி அள்ளிப் புதைத்தவள் நான்தான்.

"செண்டுப்பூ போடுங்கள், நெருக்கமாக.
மூன்று மாதம் வேறு எதுவும் வேண்டாம்.
வேருக்குள் நுழையும்.
நுழைந்தது அங்கே குடும்பம் நடத்தாது."

மூன்று மாதம்.
சந்தைக்கு ஒரு காய்கூடப் போகவில்லை.
ஆலையில் கழித்துப் போட்ட கையுறையை மாட்டி
களை பிடுங்கினேன்.
களையிலும் அது வாடகையில்லாமல் குடியிருக்குமாம்.
சோற்றில்கூட செண்டு வாடை என்றார் தேவசகாயம்.
உண்மைதான், அடித்தது.

தீபாவளிக்கு இருபது நாள் இருக்கையில்
ஈப்போவிலிருந்து வேனில் வந்தார்
பூ வியாபாரி சடகோபன்.
வரப்பில் நின்றவர் ஒரு நிமிஷம் பேசவில்லை.
பிறகு பூவுக்கு ஒரு விலை. சரி என்றேன்.
பிறகு குரலை இறக்கி,
"வேரோட குடுங்க, சட்டியில வச்சு விப்பேன்.
செடிக்கு நாலு வெள்ளி.
ஆயிரத்தைந்நூறு செடி தேறும்."

ஆறாயிரம் வெள்ளி.
நூறு இரவுக்கு மேல் நான்
விழித்திருந்தால் வருவது.
கூட்டிப் பார்க்காமல் இல்லை:
கார் தவணை,
மகனின் விடுதிக் கட்டணம்,
ஒழுகும் கூரைக்கு ஒரு ஆள்.

"பூவை எடுத்துக்குங்க. வேர் எனக்கு."
"வேரை வச்சு என்னம்மா செய்வீங்க?"
"அதுதான் இங்க வேலை பாக்குது. பூ சும்மா."
பூவால் வீடு கட்டிய மனிதர்,
சிரிக்கவில்லை.

பூக்கள் போனபின் செடிகளை நறுக்கி
மண்ணோடு மடித்தோம்.
வேப்பம் புண்ணாக்கு, குழிக்கு ஒரு பிடி;
அதன் விலையை வீட்டில் சொல்லவில்லை.
மறுபடி எண்ணினாள் ஹஸ்னிதா: முப்பத்தெட்டு.
பூச்சியம் வராதா என்றேன்.
வராது என்றாள்.
பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது,
பூச்சியத்துக்குள்ளேயும் ஒரு பூச்சி.

கத்தரி நட்ட நாற்பத்தாறாம் நாள்
விடுப்பு எடுத்தேன்.
காரணம் என்ற கட்டத்தில்
'குடும்பம்' என்று எழுதினேன்.
பன்னிரண்டு மணி.
குடையை விரித்து வரப்பில் உட்கார்ந்தேன்.
மூன்றாம் வரிசையில் ஒன்று மட்டும்
தலை சாய்த்தது. முப்பத்தெட்டில் சில அங்கே.
மற்றவை எல்லாம் இலையை விரித்தபடி
வெயிலைத் தின்றுகொண்டிருந்தன.
பன்னிரண்டரை வரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது.

யாரோ தோளைத் தட்ட விழித்தேன்.
குடை கவிழ்ந்து கிடந்தது.
லிம் என் முகத்தை உற்றுப் பார்த்து,
கையை மணிக்கட்டில் தொங்கவிட்டு,
"லாயு" என்றார்.