இரண்டு செங்கல்

முதல் வெள்ளத்தில் கவுன்சிலரைத் திட்டினோம்.
படகு வரவில்லை என்று மெயின் ரோட்டில் உட்கார்ந்தோம்.
அடுத்ததில் கார்ப்பரேஷன் சொன்னது
கேப்டன் காட்டன் கால்வாய் பொதுப்பணித் துறையுடையது;
பொதுப்பணித் துறை சொன்னது
குப்பை உங்களுடையது.
நான் போட்ட பால் கவர் ஏதாவது
ஷட்டரில் சிக்கியிருக்குமோ என்று
கொஞ்ச நாள் தூக்கமில்லை.

கணேசபுரம் சப்வே மூழ்கினால்
எங்களுக்கு இரண்டு மணி நேரம்.
இதை யாரும் அறிவிப்பதில்லை.

பிளக் பாயிண்டைத் தோளுயரத்துக்கு மாற்றினேன்.
ரேஷன் கார்டும் பெரியவனின் மார்க் ஷீட்டும்
பரண்மேல், பிரியாணி டப்பாவில்.
பழையதைச் சுரண்டாமல் ரோடு போட்டுப் போட்டு
வீடே பள்ளமாகிவிட்டது.
கம்மலை அடகு வைத்து வாசற்படியில்
இரண்டு செங்கல் ஏற்றினேன்.

இந்த டிசம்பரில்
தண்ணீர் படி வரை வந்தது,
யோசித்தது,
திரும்பியது.
சிரித்துவிட்டேன், சத்தமாகவே.
எதிர்வீட்டு சகாயமேரி
முழங்கால் தண்ணீரில்
கிரைண்டரை ஒருக்களித்துப் பிடித்தபடி
என் படியைப் பார்த்தாள்.

வடிந்த பின் கணக்கெடுக்க வந்த பையன் கேட்டான்:
"பாதிப்பு இருக்காக்கா?"
இல்லை என்றேன்.
"கம்ப்ளெயிண்ட் யார் மேல?"
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

மிச்சம் பதினெட்டு செங்கல்
மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது.
சகாயமேரி கேட்டால் கொடுத்துவிடலாம்.
அவள் ஏற்றினால்
தண்ணீர் துளசிங்கம் வீட்டுக்குப் போகும்.
அங்கே அவர் தம்பி
ரெண்டு வருஷமாகப் படுத்த படுக்கை,
தரையில்.

அவள் இன்னும் கேட்கவில்லை.
பிரித்த சிமெண்ட் மூட்டை
ஓரத்திலிருந்து இறுகிக்கொண்டு வருகிறது.