நடுக் குமிழ்

பத்து வாட் ஆம்ப்.
ரொட்டிப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது.
முகத்தில் ஐந்து குமிழ்கள்:
கெய்ன், பேஸ், மிட், ட்ரெபிள், வால்யூம்.
வாங்கிய அன்றே ஐந்தையும் பத்துக்குத் திருகினேன்.
காசு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தானே கொடுத்தது.

தாம்பெரேயில் நவம்பர்.
மூன்றரைக்கே தெருவிளக்கு.
பகலெல்லாம் பிறர் வாய்க்குள் வேலை எனக்கு;
பல் சுரண்டும் கருவியின் கீச்சு
வீடுவரை கூடவே நடந்து வரும்.
கம்பியைத் தட்டினேன்.
அதே கீச்சு.
நாற்பது வயதில் ஆசையாய் ஒரு கிடார் வாங்கி
வேலையை வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறேன்.

கடைக்குப் போய்க் கேட்டேன்.
மிட்டை அடியோடு எடுத்துவிடுங்கள்,
பேஸை விடாதீர்கள், அதுதான் கனம் என்றான்
மூக்கில் வளையம் போட்ட பையன்.
கடையில் கனமாகத்தான் இருந்தது.
என் அறையிலோ
தகர டப்பாவில் மாட்டிய குளவி,
அதற்கடியில்
யாரோ மெத்தையைப் போட்டுப் போட்டு எடுக்கும் ஓசை.
மூன்று வாரம் பெட்டியைத் திட்டினேன்.
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
என் விஷயத்தில்
கூடமும் கொஞ்சம் கோணல்தான், பிறகு சொல்கிறேன்.

ஒரு நாள் கதவிடுக்கில் சீட்டு.
நேரில் வந்து சண்டை போடும் பழக்கம்
எங்கள் மாடிப்படியில் கிடையாது;
எழுதிச் செருகுவோம்.

“பக்கத்து வீட்டுக்கு,
விடிவதற்கு முன் டிராம் எடுக்கிறவள் நான்.
ஏழு மணிக்குப் படுத்துவிடுவேன்.
உங்கள் கிடார் எனக்குக் கேட்பதில்லை.
தும் தும் என்று ஏதோ ஒன்று மட்டும்
சுவர் வழியாக வந்து
தலையணைக்குள் உட்கார்ந்துகொள்கிறது.
அது என்ன?
பிரிதா, 14.”

உங்கள் கிடார் எனக்குக் கேட்பதில்லை.
எனக்கும்தான், பிரிதா.

பேஸை மூன்றுக்கு இறக்கினேன்.
மெத்தை விழுவது நின்றது.
செத்துக் கிடந்த மிட்டை
ஐந்து, ஆறு, ஏழு என்று ஏற்ற ஏற்ற
ஒலிக்குத் தொண்டை முளைத்தது.
கெய்ன் பத்திலிருந்து நாலு.
அதுவரை ஒரே கம்பளியாய் இருந்தது
ஆறு கம்பிகளாய்ப் பிரிந்தது.

இப்போது கூடத்தின் கோணல்:
பெட்டி இத்தனை நாளும் தரையில்.
நான் நின்று வாசிக்கிறேன்.
நல்லதையெல்லாம் கேட்டது என் கணுக்கால்கள்.
சவ்னா முக்காலியைக் கொண்டுவந்து
அதன் மேல் ஏற்றி,
முன்பக்கம் ஒரு செருப்பைச் செருகி
முகத்தை என் பக்கம் நிமிர்த்தினேன்.
காதில் ஊசி.
ஓகோ, ட்ரெபிள் எட்டில் இருந்ததா,
கணுக்கால்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.
நாலு.

கடைசியில்தான்
கிடாரிலேயே ஒரு குமிழ் இருப்பது ஞாபகம் வந்தது.
அதைக் கொஞ்சம் மூடினால்
மெல்லத் தொடும்போது தண்ணீர்,
அழுத்தினால் மட்டும்
தூக்கம் கலைந்த நாயின் உறுமல்.
விலை கூடிய பெட்டியில்தான் இருக்கும்
என்று நினைத்திருந்த உறுமல்.

ஆனால் ஒன்று.
இரைச்சல் போனதும் நான் தெரிந்தேன்.
சரியாக அழுந்தாத விரல்,
சுருதி விலகிய இரண்டாம் கம்பி,
தாளத்துக்குப் பிந்தி வரும் கை.
என் நாற்காலியில் சாய்பவர்களிடம்
தினமும் நான் சொல்வதுதான்:
காரை எடுத்தால்தான் ஓட்டை தெரியும்.
அவர்களும் என்னை இப்படித்தான் பார்ப்பார்கள்.

14-க்குச் சீட்டு எழுதினேன்:
“அது பேஸ். இப்போது மூன்றில்.
இன்னும் வருகிறதா? ஓவுதி, 15.”

இரண்டு நாள் கழித்துப் பதில்:
“தும் தும் இல்லை. நன்றி.
இப்போது கிடார் கேட்கிறது, லேசாக.
மூன்று கார்டு வாசிக்கிறீர்கள்,
நாலாவதற்கு முன்னால்
ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறீர்கள்.
அது வரும் வரும் என்று
விழித்துக்கொண்டே கிடக்கிறேன்.”