ஏழரை நம்பர் கையுறை

டாக்டர் ருக்கையாவுக்குக் கோபம் முதலில் வரும்,
மருந்து அப்புறம்தான்.
பதினோரு வருஷமாக வேன் ஓட்டுகிறேன்,
திட்டு வாங்காமல் இறங்கிய நோயாளி எவருமில்லை.
காசு கொடுத்து இறங்கியவரும் இல்லை.

சனிக்கிழமை சின்னப்பாலம்.
வேனின் பின்கதவைத் திறந்தால் அதுதான் ஆஸ்பத்திரி.
பாசியெடுத்துக் கரையேறும் பெண்கள்
உப்பு சொட்டச் சொட்ட நிற்பார்கள்.
விரலுக்கு விரல் சேலைக் கிழிசல்.
அவிழ்த்தால்,
நகத்துக்கும் சதைக்கும் நடுவில்
பாறை அறுத்து வைத்திருக்கும்.

“இந்தக் கந்தலைக் கட்டாதேன்னு எத்தனை தரம்...”
என்று தொடங்குவார்.
தையல் இறங்க இறங்க
இருளாயி சிரித்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் மதுரையிலிருந்து அட்டைப்பெட்டி வந்தது.
ரப்பர் கையுறை, ஏழரை நம்பர், நூறு ஜோடி.
மறுவாரம் அவர் கையில் வளையல் இல்லை.
நான் கேட்கவில்லை.
“ஏழரையா? அது ஏற்கெனவே
எங்களப் பிடிச்சு ஆட்டுது டாக்டரம்மா”
என்றாள் பஞ்சவர்ணம், அளவைப் பார்த்து.

அடுத்த சனிக்கிழமை
கையுறை ஊர் முழுக்க இருந்தது.
குழாயின் கசிவில் ஒன்று கட்டியிருந்தது.
ஒன்றுக்குள் செல்போன், தண்ணீர் படாமல் முடிச்சிட்டு.
நாலைந்து, காற்றடைத்து,
பிள்ளைகள் கையில் ஆட்டு மடியாய்க் குலுங்கின.

அன்று அவர் யாரையும் திட்டவில்லை.
எனக்குப் பயமாகிவிட்டது.

அடுத்த பாசி நாளில், விடியுமுன்னே,
வல்லத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார்.
கொழும்பில் கல் வியாபாரம் பார்த்த
கீழக்கரை வீட்டுப் பெண்.
முழங்காலுக்கு மேல்
கடலை அனுமதித்ததில்லை அதுவரை.

(நான் கரையில் இருந்தேன். இது பஞ்சவர்ணம் சொன்னது.)
கையுறைக்குள் இருந்த விரலுக்குப்
பாசி எது பாறை எது என்று தெரியவில்லையாம்.
வழுக்கியதாம். கழற்றி எறிந்தாராம்.
மூன்றாம் முங்கலில் மேலே வந்தபோது
உள்ளங்கை நெடுக ரத்தம்.
கையில் ஒரே ஒரு கொத்து மரிக்கொழுந்துப் பாசி.
“ஆறு மணி நேரம் எப்படிடீ?” என்றாராம்.

பதில் சொல்லாமல் இருளாயி
தன் விரல் கந்தலை அவிழ்த்துக் கொடுத்தாள்.
கட்டிக்கொண்டு மறுபடி முங்கினார்.

அன்றைய வருமானம் நாற்பத்திரண்டு ரூபாய்.
ஈரத்துக்கு எடை கழித்த வியாபாரியிடம்
கால்மணி நேரம் சண்டைபோட்டுத் தோற்றார்.
அந்தப் பணம் வேன் டேஷ்போர்டில்
இன்னும் கிடக்கிறது. டீசலுக்குக்கூட எடுக்க விடமாட்டார்.

இப்போது ஊசிகளுக்குப் பக்கத்தில்
துணிப்பட்டையும் கொதிக்கிறது.
வீடு வீடாய்க் கேட்டு வாங்கிய பழைய வேட்டி, கைலி.
ஒரு அங்குல அகலம், ஒரு சாண் நீளம்,
கிழிப்பது என் வேலை.
ஆளுக்குப் பத்துப் பட்டை.
“இவ்வளவு லூசாவா கட்டுவ?”
என்று அதற்கும் திட்டு உண்டு.

எல்லாம் துணியால் கட்டிவிடக்கூடியதில்லை.
போன மாசியில் ஒரு பிள்ளையை
மதுரைக்கு ஏற்றிக்கொண்டு போனோம்.
பரமக்குடி தாண்டியதும், பின்னாலிருந்து,
“மெதுவாப் போ” என்றார்.
இனி அவசரமில்லை என்று
எனக்குப் புரிய ஒரு மைல் ஆனது.
அந்தத் தாயின் கையைப் பிடித்தபடி
அதே வேகத்தில் திரும்பி வந்தோம்.
மறுநாள் காலை ஏழு மணிக்கு
தேவிபட்டினத்தில் கதவைத் திறந்தார்.

பாம்பன் பாலத்தில் இரவு வரும்போது
வலது உள்ளங்கையை ஜன்னல் காற்றுக்கு நீட்டிக்கொள்வார்.
தழும்பு ஆறிவிட்டது,
உப்புக்காற்று பட்டால் மட்டும் அரிக்கிறதாம்.
“ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க” என்றேன்.

மண்டபம் வரைக்கும் திட்டினார்.