இடப் பக்கமாக

"இரண்டு நாள் கூசும், சிலருக்கு இரண்டு வாரம்,"
கையுறையை உருவிக்கொண்டே சொன்னார் பல் டாக்டர்.
இன்று ஒன்பதாம் நாள்.

ஹில்க்கா விசிலை இடப் பக்கம் கடித்திருக்கிறாள்.
ஊதினால் வலிப்பதில்லை.
ஊதுமுன் இழுக்கிற மூச்சுதான்:
ஓலு நகரத்துப் பனியரங்கின் காற்று
புதிதாய் அடைத்த கடைவாய்ப் பல்லில்
ஊசி கோக்கும்.

அதனால் சின்னத் தவறுகளை
நாக்கால் பல்லைப் போர்த்தியபடி
பார்த்தும் பாராமல் விட்டாள்.
பத்து வயசுக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.
முழங்கைகள் நீண்டன. மட்டை ஒன்று காலை வாரியது.

எட்டாம் எண் பையன் குப்புற விழுந்து எழுந்தான்.
உள்ளங்கையில் துப்பினான்
ஒரு பால்பல்.
"ஆடிக்கிட்டிருந்ததுதான்" என்று இளித்தான்,
அரங்கின் குளிரையெல்லாம் அந்த ஓட்டையில் உறிஞ்சி.

அவள் வாயை அகலத் திறந்தாள்.
இழுத்தாள்.
கண்ணில் நீர் முட்ட ஊதியது
கார் நிறுத்தம் வரை கேட்டது.

இடைவேளையில்
ஆறிப்போன காப்பி,
இடப் பக்கமாக.